லோன் ரேஞ்சரின் முதல் பெயர் என்ன? இன்னும் தீராத ரேடியோ புதிர்கள்!

முகமூடி, வெள்ளைக் குதிரை, வெள்ளித் தோட்டா. இந்த மூன்றையும் சொன்னால் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு லோன் ரேஞ்சர் ஞாபகம் வந்துவிடும். சரி, அவருடைய முழுப்பெயர் என்ன?

2013-ல் வந்த படத்தைப் பார்த்தவர்கள் 'ஜான் ரீட்' என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால், அமெரிக்காவின் பழைய ரேடியோ நாடக ரசிகர் ஒருவரிடம் இந்தப் பதிலைச் சொல்லிப் பாருங்கள். ''ரீட் சரி, ஜான் எங்கிருந்து வந்தது?'' என்று மடக்குவார். லோன் ரேஞ்சர் பிறந்தது சினிமாவில் அல்ல, காமிக்ஸிலும் அல்ல. 1933 ஜனவரியில், டெட்ராய்ட் நகரத்தின் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட் என்ற உள்ளூர் ரேடியோ நிலையத்தில். இன்று கேட்கக் கிடைக்கிற அந்த ரேடியோ பதிவுகளில் அவர் 'ரீட்' என்ற குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது தெரிகிறது. முதல் பெயர் வருவதில்லை. 'ஜான்' என்பது பிற்பாடு வேறு இடங்களில் ஒட்டிக்கொண்டது.

'கிடைக்கிற பதிவுகளில்' என்று ரசிகர்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நாடகத்தை 1938 வாக்கில்தான் முறையாகத் தட்டுகளில் பதிவுசெய்ய ஆரம்பித்தார்கள். முதல் ஐந்து வருடங்கள் நேரடியாக நடித்தார்கள், காற்றில் போனது, முடிந்தது. அந்த ஐந்து வருடத்தில் ஏதாவது ஒருநாள், ஏதாவது ஒரு வசனத்தில், யாராவது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்?

இப்படிப்பட்ட கேள்விகளைத் தலையில் போட்டுக்கொண்டு அலைகிற ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. டி.வி வருவதற்கு முன்னால், ஏறக்குறைய 1930-லிருந்து 1950-களின் பாதி வரை, அமெரிக்க வீடுகளில் சாயங்காலம் என்றால் ரேடியோதான். துப்பறியும் கதை, காமெடி, பேய்க்கதை, குடும்ப சீரியல், சினிமா நாடகம் எல்லாமே காதால்தான். அந்தக் காலத்து நிகழ்ச்சிகளை 'ஓல்டு டைம் ரேடியோ' என்று ஒரு தனி வகையாகவே சொல்கிறார்கள். அதன் ரசிகர்களில் பலர் அவற்றை முதன்முறை ஒலிபரப்பானபோது கேட்டவர்களே இல்லை. அப்போது அவர்கள் பிறக்கவே இல்லை!

குரல் மாறினால் என்ன செய்வது?

லோன் ரேஞ்சர் ரசிகர்களின் இன்னொரு பிடித்தமான கேள்வி இது. 1941 ஏப்ரலில், ஹீரோவுக்குக் குரல் கொடுத்துவந்த ஏர்ல் கிரேசர் கார் விபத்தில் இறந்துவிட்டார். நாடகமோ வாரத்துக்கு மூன்று நாள் ஒலிபரப்பாகிறது. சின்னச் சின்னப் பிள்ளைகள் எல்லாம் கேட்கிறார்கள். திடீரென்று வேறு குரல் வந்தால் ஏற்றுக்கொள்வார்களா?

கதையிலேயே வழி கண்டுபிடித்தார்கள். லோன் ரேஞ்சர் படுகாயம் அடைந்துவிட்டார் என்று கதையைத் திருப்பினார்கள். சில எபிசோடுகளுக்கு ஹீரோவால் பேசவே முடியவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்கும். கூட்டாளி டோன்டோதான் கதையை இழுத்துக்கொண்டு போனார். கொஞ்சம் கொஞ்சமாக ஹீரோ தேறி வாய் திறந்தபோது, குரல் பிரேஸ் பீமருடையது. அதுவரை அந்த நிகழ்ச்சிக்கே அறிவிப்பாளராக இருந்தவர். இன்றைய சீரியல்களில் ''இனி இவருக்குப் பதில் இவர்'' என்று ஒரு கார்டு போட்டுவிட்டுக் கடந்து போகிறார்களே, அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

இதே நிலையத்திலிருந்து 1936-ல் 'கிரீன் ஹார்னெட்' வந்தது. அதன் ஹீரோ பிரிட் ரீட். பெயரில் 'ரீட்' இருப்பது தற்செயல் அல்ல. லோன் ரேஞ்சரின் அண்ணன் மகன் டேன் ரீட், அந்த டேனின் மகன்தான் பிரிட். அதாவது, லோன் ரேஞ்சர் அவருக்குச் சின்னத் தாத்தா முறை. இந்த ஒன்றுவிட்ட உறவை முதன்முதலாகக் கேள்விப்படுகிற எவருக்கும் ஒரு சிலிர்ப்பு வரத்தான் செய்யும். இரண்டுக்கும் முகப்பு இசையாக ரோசினி, ரிம்ஸ்கி-கோர்சகோவ் என்று பழைய சாஸ்திரிய இசையமைப்பாளர்களைப் பிடித்தார்கள். உள்ளூர் நிலையத்துக்குப் புது இசை போடச் செலவு அதிகம். காப்புரிமை முடிந்த இசை என்றால் காசு கேட்க ஆளில்லை!

வாயசைவு தெரியாத ரேடியோவில் பொம்மலாட்டமா?

பழைய ரேடியோவைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் சிரிக்கிற விஷயம் இது. 1930-களின் இறுதியில் அமெரிக்காவின் மிகப் பெரிய ரேடியோ நட்சத்திரங்களில் ஒருவர் எட்கர் பெர்கன். அவருடைய தொழில், உதடு அசையாமல் பொம்மையைப் பேச வைப்பது. அந்த வித்தையின் உயிரே உதடு அசையாததைப் பார்ப்பதில்தான் இருக்கிறது. ரேடியோவில் யார் பார்க்கப் போகிறார்கள்? (பெர்கனுக்கு உதடு நன்றாகவே அசையும் என்பது வேறு விஷயம்.)

ஆனாலும் ஞாயிறு இரவு 8 மணிக்கு அவருடைய நிகழ்ச்சியைத்தான் நாடே கேட்டது. தொப்பியும் ஒற்றைக் கண்ணாடியும் போட்ட சார்லி மெக்கார்த்தி என்ற அந்த மரப்பொம்மையை ஜனங்கள் பொம்மையாக நினைக்கவே இல்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசும் ஒரு வாயாடிப் பையன், அவ்வளவுதான். பெர்கனின் மகள்தான் பின்னாளில் நடிகையாகப் புகழ்பெற்ற கேண்டிஸ் பெர்கன்.

பெர்கனுக்கு இருந்த இந்தக் கூட்டத்தை வைத்து ரேடியோ சரித்திரத்தின் பெரிய கதை ஒன்றைச் சரிபார்க்கலாம். 1938 அக்டோபர் 30. சி.பி.எஸ் நெட்வொர்க்கில் ஆர்சன் வெல்ஸ் என்ற 23 வயது இளைஞர், ஹெச்.ஜி.வெல்ஸின் செவ்வாய் கிரகப் படையெடுப்பு நாவலை நாடகமாகப் போட்டார். அதைச் செய்தி அறிக்கை மாதிரியே நடத்தினார். நியூ ஜெர்ஸியின் குரோவர்ஸ் மில் என்ற சிற்றூரில் வேற்றுக்கிரக வாகனம் இறங்கிவிட்டது என்று 'நிருபர்' பதறினார். மறுநாள் பத்திரிகைகளில் 'நாடே பீதியில் ஓடியது' என்று கொட்டை எழுத்தில் வந்தது. நாமும் அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறோம்.

உண்மையில் அதே ஞாயிறு, அதே 8 மணிக்கு, எதிர் நெட்வொர்க்கில் சார்லி மெக்கார்த்தி! வெல்ஸின் நாடகத்துக்கு ஸ்பான்சர்கூடக் கிடையாது. அன்று அதைக் கேட்டவர்கள் சிறு பங்கினர்தான். அவர்களிலும் பயந்துபோனவர்கள் இன்னும் குறைவு. பயந்தவர்கள் இருந்தார்கள், பொய்யில்லை. ஆனால், நாடே தெருவுக்கு ஓடிவந்தது என்பது பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கியது என்றுதான் இன்றைய ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். விளம்பரப் பணத்தை ரேடியோ பறித்துக்கொண்டிருந்த நேரம் அது. ரேடியோ பொறுப்பில்லாதது என்று காட்டப் பத்திரிகைகளுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. விடுவார்களா?

வெல்ஸுக்கு நஷ்டமே இல்லை. அந்த டிசம்பரிலேயே கேம்ப்பெல் சூப் கம்பெனி ஸ்பான்சராக வந்துவிட்டது.

''என் காதால் கேட்டேன்!''

ஞாபகம் வேறு, பதிவு வேறு. இந்தப் பழைய ரேடியோ உலகத்தில் இந்த வித்தியாசம் அடிக்கடி சண்டையில் முடியும். இரண்டு உதாரணங்கள்.

நியூயார்க்கில் 'அங்கிள் டான்' என்று ஒரு சிறுவர் நிகழ்ச்சி. பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, நல்ல பிள்ளையாக இருக்க அறிவுரை என்று போகும். ஒருநாள் நிகழ்ச்சி முடிந்ததும் மைக் அணைந்துவிட்டது என்று நினைத்து, குழந்தைகளைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டார், வேலை போய்விட்டது என்று ஒரு கதை. அமெரிக்கா முழுக்கப் பிரபலம். ''நானே கேட்டேன்'' என்று சத்தியம் செய்தவர்கள் ஏராளம். ரசிகர்கள் தோண்டிப் பார்த்தார்கள். அப்படி நடந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. வேலையும் போகவில்லை, 1947 வரை நிகழ்ச்சி நடந்திருக்கிறது. பின்னே, ஜனங்கள் எதைக் கேட்டார்கள்? ரேடியோவில் நடந்த தவறுகளைத் தொகுத்து 1950-களில் கெர்மிட் ஷேஃபர் என்பவர் இசைத்தட்டுகள் வெளியிட்டார். அதில் இந்தச் சம்பவம் நடித்துப் பதிவுசெய்யப்பட்டிருந்தது. தட்டில் கேட்டதை ரேடியோவில் கேட்டதாகவே மனம் மாற்றி வைத்துக்கொண்டது. பாவம், அங்கிள் டான். செய்யாத தப்புக்குத்தான் இன்று அவரை அதிகம் பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, ஜாக் பென்னி. மகா கஞ்சனாக நடித்தே பெரும் பணக்காரரானவர். என்ன வயது என்று கேட்டால் 39 என்பார், ஒவ்வொரு வருடமும் 39. நிஜத்தில் பிறந்தது 1894-ல். அவருடைய ஓட்டைக் கார் இருமித் திணறி நிற்கும் சத்தம் ரொம்பப் பிரசித்தம். ஒருமுறை தட்டில் வைத்திருந்த கார் சத்தம் கைகொடுக்காமல் போக, ஸ்டூடியோவில் இருந்த மெல் பிளாங்க் வாயாலேயே அந்தச் சத்தத்தைக் கொடுத்து அசத்தினாராம். அதன்பின் அந்தக் கார் அவர் வாயிலேயே ஓடியது. பக்ஸ் பன்னி முயலுக்குக் குரல் கொடுத்தவரும் இவர்தான்.

1948 மார்ச் 28 நிகழ்ச்சியில் ஒரு திருடன் துப்பாக்கியைக் காட்டி, பணமா உயிரா என்று பென்னியிடம் கேட்கிறான். பென்னியிடமிருந்து பதில் இல்லை. மௌனம். கூட்டம் சிரிக்க ஆரம்பிக்கிறது. திருடன் பொறுமை இழந்து மறுபடி கேட்க, 'யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்கிறார் எரிச்சலாக. ரேடியோ வரலாற்றிலேயே நீண்ட சிரிப்பு இதற்குத்தான் கிடைத்தது என்று பல புத்தகங்களில் எழுதிவிட்டார்கள். பதிவு கிடைக்கிறது. கேட்டால், சிரிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சாதனை அளவுக்கெல்லாம் நீளவில்லை. அதே பென்னியின் வேறு நிகழ்ச்சிகளில் இதைவிட நீண்ட சிரிப்புகள் இருக்கின்றன. பேசாமல் இருந்தே சிரிக்க வைத்தார் என்பதுதான் இதில் வியப்பு. ரேடியோவில் மௌனம் என்றால் ரிப்பேர் என்று அர்த்தம். அதை ஜோக்காக்க ஒரு தைரியம் வேண்டும்.

சோப்பு விற்ற கதைகள்

'சோப் ஓபரா' என்ற பெயர் எப்படி வந்தது என்று தெரியாதவர்களுக்காக: பகல் நேரத்து ரேடியோ சீரியல்களுக்கு ஸ்பான்சர் செய்தவை பெரும்பாலும் சோப்புக் கம்பெனிகள். 15 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், வீட்டு வேலை செய்துகொண்டே பெண்கள் கேட்க வேண்டும். அந்த வேலைக்கு வேண்டிய சோப்பையும் நடுவில் விற்றுவிட வேண்டும். ஆக்ஸிடால் சோப்புத்தூள் விற்க வந்தவர்தான் 'மா பெர்கின்ஸ்'. விதவைத் தாய், மரக்கடை நடத்துகிறார், ஊர்ப் பிரச்னைகளைத் தீர்த்து வைக்கிறார். 1933-லிருந்து 1960 வரை 27 வருடங்கள், 7,000 எபிசோடுகளுக்கு மேல் போனது. அத்தனையிலும் அந்த அம்மாவாக நடித்தது ஒரே நடிகை, வர்ஜீனியா பெய்ன். ஆரம்பித்தபோது அவருக்கு வயது 23!

'ஹெலன் ட்ரெண்ட்' என்று இன்னொன்று. 35 வயதைத் தாண்டிய பெண்ணின் வாழ்க்கையில் காதல் சாத்தியமா என்பதுதான் அந்தக் கதையின் அடிப்படைக் கேள்வி. அதுவும் 1933-ல் ஆரம்பித்து 1960 வரை ஓடியது. நிஜக் கணக்கில் பார்த்தால் ஹெலனுக்கு 60 வயது தாண்டியிருக்க வேண்டும். 'கைடிங் லைட்' இன்னும் ஒருபடி மேல். 1937-ல் ரேடியோவில் தொடங்கி, 1952-ல் டி.வி-க்கு மாறி, 2009 செப்டம்பரில்தான் முடிந்தது. 72 வருடங்கள். நம்மூர் மெகா சீரியல்களைப் பார்த்து 'இதற்கு முடிவே இல்லையா' என்று அலுத்துக்கொள்பவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

ஆனால், இந்த சீரியல்களில் எத்தனை இன்று கேட்கக் கிடைக்கின்றன என்றால், வருத்தம்தான் மிஞ்சுகிறது. ஒலிபரப்பானவற்றில் பெரும்பகுதி போயே போய்விட்டது. இரவு நேர காமெடி, துப்பறியும் நாடகம், பெரிய நட்சத்திரங்களின் நிகழ்ச்சி இவற்றைப் பத்திரப்படுத்திய அளவுக்குப் பகல் நேர சீரியலைப் பத்திரப்படுத்த யாருக்கும் தோன்றவில்லை. 'பொம்பளைங்க கேக்குற அழுகாச்சிக் கதைதானே' என்கிற அலட்சியம். கோடிக்கணக்கான பெண்கள் தினமும் எதைக் கேட்டுச் சிரித்தார்கள், அழுதார்கள், பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள் என்பதற்கான சாட்சி அது. அதைத்தான் முதலில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

அதனால்தான் 1939 செப்டம்பர் 21 என்ற தேதியைச் சொன்னாலே பழைய ரேடியோ ரசிகர்களின் முகம் மலரும். வாஷிங்டனில் இருந்த டபிள்யூ.ஜே.எஸ்.வி என்ற நிலையம், அன்று காலை ஒலிபரப்பைத் தொடங்கியதிலிருந்து நள்ளிரவு தாண்டி மூடும் வரை ஒன்றுவிடாமல் பதிவுசெய்து வைத்தது. ஏறக்குறைய 19 மணி நேரம். ஐரோப்பாவில் போர் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆயுத விற்பனைத் தடையை நீக்கச் சொல்லி அதிபர் ரூஸ்வெல்ட் அன்றுதான் நாடாளுமன்றத்தில் பேசினார். அந்தப் பேச்சு இருக்கிறது. அதோடு காலை நேர அரட்டை, பேஸ்பால் வர்ணனை, 'ஹெலன் ட்ரெண்ட்', 'பிக் சிஸ்டர்', யூதக் குடும்பக் கதையான 'கோல்ட்பெர்க்ஸ்', நடுநடுவே விளம்பரம், மணி அறிவிப்பு. ஒருநாள் முழுக்க ஒரு வீட்டில் ரேடியோ என்னவெல்லாம் பேசும் என்பது அப்படியே கிடைக்கிறது. யாரும் எதையும் தேர்ந்தெடுக்காததால் பகல் நேர சீரியலும் தப்பித்துவிட்டது.

தட்டு உடைந்தால் கதை போச்சு

பதிவுகள் இவ்வளவு அரிதாக இருக்கக் காரணம் என்ன? என்.பி.சி, சி.பி.எஸ் போன்ற பெரிய நெட்வொர்க்குகள் 1940-களின் பிற்பகுதி வரை பதிவுசெய்த நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் அனுமதிக்கவில்லை. எல்லாம் நேரடி. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம் என்பதால், பல நாடகங்களை ஒரே இரவில் இரண்டு முறை நடித்தார்கள். முதல்முறை கிழக்குக்கு, சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி மேற்குக்கு.

பதிவு என்று நடந்தால் அது 16 அங்குலத் தட்டுகளில். அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய லாக்கர் பூச்சு. ஒரு பக்கத்துக்கு 15 நிமிடம். இரண்டாம் உலகப் போரில் அலுமினியம் ராணுவத்துக்குப் போய்விட்டதால், கண்ணாடித் தட்டின் மேல் பூசினார்கள். கை தவறினால் கதை முடிந்தது. ஸ்பான்சருக்குக் காட்டவும், சட்டப் பிரச்னை வந்தால் ஆதாரத்துக்கும்தான் இவை. ஒலிபரப்பு முடிந்த நிகழ்ச்சியை மறுபடி யார் கேட்கப் போகிறார்கள் என்று எண்ணி, இடம் அடைக்கிறதென்று வீசிவிட்டார்கள்.

எதிர்பாராமல் காப்பாற்றியவர்களில் ஒருவர், ராணுவம். வெளிநாடுகளில் இருந்த படைவீரர்களுக்காக அமெரிக்க ராணுவ வானொலிச் சேவை பிரபல நிகழ்ச்சிகளை விளம்பரங்களை நீக்கிவிட்டுத் தட்டுகளாக அச்சடித்து அனுப்பியது. கேட்டு முடித்ததும் அழித்துவிட வேண்டும் என்பது விதி. விதியை மீறி யாரோ சிலர் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்ததால்தான் இன்று பல நிகழ்ச்சிகள் உயிரோடு இருக்கின்றன.

இன்னொருவர், பாடகர் பிங் கிராஸ்பி. வாரா வாரம் நேரலையில் பாடி அலுத்துப்போன அவர், முன்கூட்டியே பதிவுசெய்ய அனுமதிக்கும் ஏ.பி.சி நெட்வொர்க்குக்கு 1946-ல் மாறினார். அப்போது ஜாக் மல்லின் என்ற பொறியாளர், ஜெர்மனியிலிருந்து காந்த நாடாவில் பதிவுசெய்யும் கருவிகளைக் கொண்டுவந்திருந்தார். ஒலியைக் கேட்டால் நேரலையா பதிவா என்றே தெரியவில்லை. 1947 அக்டோபரிலிருந்து கிராஸ்பியின் நிகழ்ச்சி டேப்பில் வந்தது. ஆம்பெக்ஸ் என்ற சிறு கம்பெனியில் 50,000 டாலர் போட்டார் கிராஸ்பி. பிற்பாடு டேப் ரெக்கார்டர் வீடுகளுக்குள் வந்ததும், ரசிகர்கள் பழைய தட்டுகளைத் தேடிப் பிடித்து, டேப்பில் ஏற்றி, ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். 1970-களில் இது சங்கமாகவும் மாநாடாகவும் வளர்ந்தது. கலிஃபோர்னியாவில் 1974-ல் ஒரு சங்கம், நியூ ஜெர்ஸியின் நியூவார்க்கில் 1976 முதல் 2011 வரை ஆண்டு மாநாடு. வயதான நடிகர்களை மேடையேற்றி, பழைய ஸ்கிரிப்டைக் கையில் கொடுத்து மறுபடி நடிக்கவே வைத்தார்கள்.

கொண்டாட முடியாததும் இருக்கிறது

பழையது எல்லாம் பொன் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க ரேடியோவின் முதல் மாபெரும் ஹிட், 1928-ல் சிகாகோவில் தொடங்கிய 'ஏமஸ் அண்ட் ஆண்டி'. தினமும் இரவு அது ஒலிபரப்பாகும் நேரத்தில் தியேட்டர்களே படத்தை நிறுத்திவிட்டு ரேடியோவைப் போட்டன. இரண்டு கறுப்பினத்தவர்களின் கதை. நடித்தவர்கள் இரண்டு வெள்ளையர்கள், ஃப்ரீமன் காஸ்டனும் சார்லஸ் கொரலும். கறுப்பினத்தவரின் பேச்சைக் கேலியாக்கிச் சிரிக்க வைத்தார்கள். 1931-லேயே 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினத்தவர்களின் பத்திரிகை, நிகழ்ச்சியை நிறுத்தக் கோரிக் கையெழுத்து இயக்கம் நடத்தியது. நிகழ்ச்சி நிற்கவில்லை.

ரசிகர்களிடையே இதைக் கேட்கலாமா, பாதுகாக்கலாமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பாதுகாப்பது வேறு, பாராட்டுவது வேறு. அழித்துவிட்டால், அப்படி ஒன்று நடந்ததற்கே ஆதாரம் இருக்காது.

அதே ரேடியோவில் வேறு மாதிரியும் நடந்தது. சூப்பர்மேனை வீழ்த்தும் கிரிப்டோனைட் கல் காமிக்ஸில் பிறந்ததாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, 1943-ல் ரேடியோ நாடகத்தில் பிறந்தது அது. போர் முடிந்த பிறகு, வில்லனுக்கு எங்கே போவது என்று யோசித்தவர்கள் உள்ளூரிலேயே தேடினார்கள். 1946-ல் 16 பகுதிகளாக வந்த கதையில், ஒரு சீனக் குடும்பத்தைத் துன்புறுத்தும் முகமூடிக் கும்பலோடு சூப்பர்மேன் மோதினார். கூ க்ளக்ஸ் க்ளான் என்ற நிஜமான இனவெறி அமைப்பைத்தான் சொல்கிறார்கள் என்பது கேட்ட யாருக்கும் புரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியில் இப்படி ஒரு கதை! நல்லவேளையாக இது முழுதாகக் கிடைக்கிறது.

முடிவு தெரியாத கதைகள்

ரசிகர்களிடம் 'எது கிடைத்தால் மிகவும் சந்தோஷப்படுவீர்கள்' என்று கேட்டால், அதிகம் பேர் சொல்லும் பெயர் 'ஐ லவ் எ மிஸ்டரி'. கார்ல்டன் ஈ. மோர்ஸ் எழுதியது. ஜாக், டாக், ரெஜி என்று மூன்று நண்பர்கள், உலகம் முழுக்க சாகசம். 1939-ல் தொடங்கியது. தொடர்கதை என்பதால்தான் பிரச்னையே. ஒரு கதையில் மூன்றாம் பகுதி கிடைக்கும், ஏழாவது கிடைக்கும், கடைசிப் பகுதி கிடைக்காது. கொலைகாரன் யார் என்று தெரியாமல் வாழ்நாளெல்லாம் தவிக்க வேண்டியதுதான். 1949-ல் மறுபடி நடித்த வரிசையில் 'தி திங் தட் க்ரைஸ் இன் தி நைட்' என்ற 15 பகுதிக் கதை முழுதாக இருக்கிறது. இருட்டில் ஒரு குழந்தை அழும், அழுகை கேட்கும்போதெல்லாம் யாருக்கோ ஆபத்து. முதன்முதலாகப் பழைய ரேடியோ நாடகம் கேட்க நினைப்பவர்கள் தாராளமாக இதிலிருந்து தொடங்கலாம். ஹெட்போன் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு.

1962 செப்டம்பர் 30 அன்று சி.பி.எஸ்ஸில் 'சஸ்பென்ஸ்', 'ஜானி டாலர்' இரண்டும் ஒரே நாளில் முடிந்தன. அதையே அந்தப் பொற்காலத்தின் கடைசி நாள் என்று கணக்கு வைக்கிறார்கள். அன்று பத்து வயதில் கேட்டவர்கள்கூட இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ''இந்தக் குரல் யாருடையது?'' என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்தக் காலத்தில் துணை நடிகர்களின் பெயரைப் பல நிகழ்ச்சிகளில் சொல்லவே மாட்டார்கள் என்பதால், குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது ஒரு தனிக் கலை.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில், என்.பி.சி கொடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் இருக்கின்றன. ரேடியோ பதிவுகளைத் தேடிக் காப்பதற்கென்றே 2014-ல் ஒரு குழுவையும் அந்த நூலகம் அமைத்தது. ஆனாலும், புதிய கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் வருவது வீட்டுப் பரணிலிருந்தும், பழைய சாமான் விற்பனையிலிருந்தும்தான். எனவே, சேகரிப்பாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: தாத்தா வீட்டில் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக ஒரு கறுப்புத் தட்டு கிடைத்தால், ஆசைப்பட்டு சாதாரண பிளேயரில் வைத்து ஓட்டிவிடாதீர்கள். பழைய லாக்கர் பூச்சு சருகு மாதிரி உரிந்துவிடும், ஊசி ஒருமுறை ஓடினாலே போதும். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் அது வெறும் தூசி அல்ல, பூச்சுக்குள்ளிருந்து கசிந்து வந்தது, புடவைத் துணியால் துடைக்காதீர்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்கி, படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் எழுதியிருப்பதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, விவரம் தெரிந்தவர்களிடம் கொண்டுபோங்கள். பென்சிலில் கிறுக்கியிருக்கும் ஒரு தேதிகூட முக்கியம்.